அயோவாவின் வின்னெஷீக் கவுன்ட்டியில் குடியேறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவை விட்டு அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலைக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. டெக்கோரா என்ற சிற்றூரைத் தாண்டி, சரளைச் சாலை ஒன்றில் வீடு. பெருநகரத்து வீட்டு விலையைத் தாங்க முடியாத நண்பர்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாக, மாதத்துக்கு ஒருவராவது கூப்பிட்டு "அங்கே வந்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுவதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த இடம் எனக்கு உயிர். அதனாலேயே குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏமாந்து வந்தவர்கள் இரண்டாவது குளிர்காலத்துக்குள் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அந்த வலி யாருக்கும் வேண்டாம்.

இது எப்படிப்பட்ட இடம்?

மின்னசோட்டா மாநில எல்லையை ஒட்டிய கவுன்ட்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20,070. அதில் 7,587 பேர் கவுன்ட்டியின் தலைநகரான டெக்கோராவில் இருக்கிறார்கள். கால்மர், ஆஸியன், ஸ்பில்வில், ஃபோர்ட் அட்கின்சன் போன்றவை சில நூறு பேர் அல்லது ஆயிரம் பேர் வாழும் ஊர்கள்.

அயோவா என்றதும் தட்டையான சோளக்காடு நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் ஏறிவந்து சமன் செய்யாமல் விட்ட நிலம் இது, 'டிரிஃப்ட்லெஸ்' பகுதி என்பார்கள். சுண்ணாம்புப் பாறை முகடுகள், குளிர்ந்த ஊற்றுகள், டிரவுட் மீன் ஓடும் நீரோடைகள். 1850களிலிருந்து நார்வேக்காரர்களும், ஸ்பில்வில் பக்கம் செக் நாட்டவரும் வந்து குடியேறினார்கள். வின்னெஷீக், டெக்கோரா இரண்டுமே ஹோ-சங்க் பழங்குடித் தலைவர்களின் பெயர்கள். அந்த மக்களை 1848இல் அரசு இங்கிருந்து வடக்கே அப்புறப்படுத்தியது. அவர்கள் பெயர் மட்டும் ஒவ்வொரு சாலைப் பலகையிலும் நிற்கிறது. குடியேற நினைக்கும் யாரும் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

வீடு உண்மையிலேயே மலிவா?

சிகாகோ, டல்லஸ், நியூஜெர்சியோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் டெக்கோரா ஊருக்குள் அவ்வளவு மலிவில்லை. 1861இல் நார்வேக் குடியேறிகள் தொடங்கிய லூதர் கல்லூரி, மருத்துவமனை, சுற்றுலா எல்லாம் ஒரே சிற்றூரில் இருப்பதால் நல்ல வீடு விற்பனைக்கு வந்தால் சீக்கிரம் போய்விடும். வாடகை வீடு கிடைப்பது இன்னும் கஷ்டம். மாணவர்களும் அதே வீடுகளைத்தான் தேடுகிறார்கள். கால்மர், ஆஸியன் பக்கம் போனால் விலை இறங்கும். ஊர் எல்லைக்கு வெளியே பழைய பண்ணைவீடு கிடைத்தால் இன்னும் இறங்கலாம்.

குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள், வருமான வரம்புக்குள் இருந்தால், அமெரிக்க வேளாண் துறையின் கிராமப்புற வீட்டுக்கடனைக் கேட்டுப் பார்க்கலாம். முன்பணம் இல்லாமலேயே வாங்க வழி உண்டு.

அப்படியானால் தள்ளிப்போய் வாங்குவதுதானே லாபம்?

எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். எங்களுக்கும் தவறியது. வீட்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள், தூரத்துக்கும் விலை போடுங்கள்.

கணக்கு எளிது. வருமான வரித்துறை 2025ஆம் ஆண்டுக்கு வைத்த கார் ஓட்டும் செலவு மைலுக்கு 70 சென்ட். பெட்ரோல், டயர், காப்பீடு, தேய்மானம் எல்லாம் அதில் அடக்கம். வேலையிடத்திலிருந்து 12 மைல் தள்ளி வீடு வாங்கினால் போகவர 24 மைல். வருடத்துக்கு 250 வேலைநாள் என்றால் 6,000 மைல், அதாவது 4,200 டாலர். மாதத்துக்கு 350 டாலர்.

இப்போது அதே 350 டாலரை வீட்டுத் தவணையாக நினைத்துப் பாருங்கள். 6.5 சதவீத வட்டி, 30 ஆண்டுக் கடன் என்றால் அதற்குச் சுமார் 55,000 டாலர் கடன் கிடைக்கும். எனவே 12 மைல் தள்ளி இருக்கும் வீடு குறைந்தது 55,000 டாலராவது மலிவாக இருந்தால்தான் கணக்கு சரி. கணவன், மனைவி இருவரும் வெவ்வேறு நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். பிள்ளையின் கூடைப்பந்துப் பயிற்சி, மறந்துபோன பால் பாக்கெட் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் வெளியே வாங்கலாம். நாங்கள் மறுபடி வாங்கினாலும் வெளியேதான் வாங்குவோம், சாயங்காலம் ஓடைச்சத்தம் கேட்கிற அந்த வாசலுக்காக. ஆனால் மலிவு என்று நினைத்து வாங்க மாட்டோம்.

வரி எப்படி?

அயோவாவில் 2025 முதல் மாநில வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.8 சதவீதம். விற்பனை வரி 6 சதவீதம், பெரும்பாலான ஊர்களில் உள்ளூர் வரி இன்னும் 1 சதவீதம். அரிசி, பருப்பு, காய்கறி போன்ற மளிகைக்கு அது கிடையாது. சொத்து வரியை செப்டம்பரிலும் மார்ச்சிலும் இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான வரிச்சலுகை தானாக வராது. கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் ஒருமுறை விண்ணப்பித்தால் போதும், அதைக்கூடச் செய்யாமல் வருடக்கணக்கில் அதிகம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே குடியிருந்து மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் வேலை பார்த்தால் இரண்டு மாநிலங்களிலும் வரிப்படிவம் தாக்கல் செய்ய வேண்டும். குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும் சம்பளத்துக்கு வரி கட்டினால் போதும் என்று அயோவாவுக்கு இல்லினாயுடன் இருக்கும் வரி ஒப்பந்தம் மின்னசோட்டாவுடன் இல்லை. மின்னசோட்டா வரி கூடுதல் என்பதால், இங்கே குடியிருப்பதால் அந்தச் சம்பளத்துக்கு வரி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பண்ணைவீடு வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர். ஊருக்கு வெளியே எல்லாம் சொந்தக் கிணறுதான். இங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் ஓட்டைகளும் வெடிப்புகளும். வயலில் போட்ட உரமும், பன்றிப் பண்ணைகளிலிருந்து தெளித்த சாணக் கரைசலும் மழையோடு சேர்ந்து நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். நாங்கள் மூன்றாவது வருடம்தான் பரிசோதித்தோம். சின்ன பிளாஸ்டிக் பாட்டில், அதில் எங்கள் முகவரி எழுதிய லேபிள். சமையலறைக் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிடித்து, ஐஸ் பையோடு கொடுத்தனுப்பினோம். வந்த தாளில் நைட்ரேட் 13 என்று இருந்தது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். பால்பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை இருந்தால் இது விளையாட்டல்ல, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடலாம்.

நம் வீடுகளில் தண்ணீர் என்றாலே கொதிக்க வைப்போம். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவுதான் கூடும். அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தபோது இதை நம்பவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சமையலறைத் தொட்டியின் அடியில் ஆர்.ஓ. கருவி பொருத்தினோம், சரியானது. சொந்தக் கிணற்று நீரைக் கவுன்ட்டி சுகாதார அலுவலகம் மூலம் இலவசமாகவே பரிசோதிக்க மாநிலத் திட்டம் இருக்கிறது. வீடு வாங்கும் முன்பே செய்யச் சொல்லுங்கள், பிறகு வருடம் ஒருமுறை.

இரண்டாவது ரேடான். மண்ணிலிருந்து கசிந்து அடித்தள அறைக்குள் தங்கும் கதிரியக்க வாயு. நிறமில்லை, மணமில்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். அயோவா முழுவதையும் மத்திய சுற்றுச்சூழல் முகமை அதிக அபாயப் பகுதியாகவே வைத்திருக்கிறது. சோதனைப் பெட்டி மலிவு. அளவு காற்றில் லிட்டருக்கு 4 பிகோக்யூரியைத் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்ற வேண்டும்.

மூன்றாவது செப்டிக் டேங்க். 2009 ஜூலை முதல் வீடு கைமாறும்போது அதை ஆய்வு செய்வது சட்டப்படி கட்டாயம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, படித்துப் பாருங்கள்.

நான்காவது சாலை. சில மண்சாலைகளில் 'லெவல் பி' என்று மஞ்சள் பலகை இருக்கும். உங்கள் பொறுப்பில் நுழையுங்கள் என்று பொருள். அங்கே சரளை கொட்ட மாட்டார்கள், பனி அள்ள வண்டி வராது. வரைபடத்தில் அது நல்ல குறுக்குவழியாகத்தான் தெரியும்.

குளிரைச் சமாளிக்க எவ்வளவு செலவாகும்?

ஊருக்குள் குழாய் எரிவாயு உண்டு. வெளியே டாங்கியில் நிரப்பும் புரொப்பேன் எரிவாயுதான். வீட்டுப் பக்கத்தில் நீர்யானை படுத்திருப்பதுபோல் வெள்ளை டாங்கி ஒன்று இருக்கும். 500 கேலன் டாங்கியில் 80 சதவீதம்தான், அதாவது 400 கேலன்தான் நிரப்புவார்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. கேலன் 2 டாலர் என்றால் ஒரு நிரப்பலுக்கு 800 டாலர். பழைய பண்ணைவீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் இரண்டு நிரப்பல்கூட ஆகலாம். ஜூலை, ஆகஸ்டில் விலை இறங்கியிருக்கும்போதே முன்பணம் கட்டி ஒப்பந்தம் போட்டுவிடுவது இந்த ஊர் வழக்கம். முதல் வருடம் அது தெரியாமல் ஜனவரியில் கூப்பிட்டோம், கூடுதல் விலை கொடுத்தோம்.

மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழே போகும் இரவுகள் வருடந்தோறும் உண்டு. கார் டிக்கியில் போர்வை, மண்வாரி, மெழுகுவர்த்தி இல்லாமல் டிசம்பரில் யாரும் வெளியே போக மாட்டார்கள்.

வேலை கிடைக்குமா?

கல்லூரி, மருத்துவமனை, பள்ளிகள், கால்மரில் உள்ள சமுதாயக் கல்லூரி, சில தொழிற்சாலைகள், பால் பண்ணைகள். அவ்வளவுதான். செவிலியருக்கும் ஆசிரியருக்கும் எப்போதும் தேவை. மென்பொருள் வேலை என்றால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து தேடலாம் என்று வராதீர்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன். வேலை போனால் 60 நாளுக்குள் இன்னொன்று வேண்டும், அருகில் மாற்று நிறுவனம் இருக்காது.

அயோவாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், மத்திய அரசு வைத்த அதே தொகை. எல்லைக்கு அந்தப் பக்கம் மின்னசோட்டாவில் 2025இல் 11.13 டாலர். நடைமுறையில் இங்கே கடைகள் அதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்கின்றன, ஆனால் சம்பளம் பொதுவாகக் குறைவு என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் சிறு கல்லூரிகள் திணறுகின்றன. இதே அயோவாவில் அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023இல் மூடப்பட்டது. டெக்கோராவின் இசை நிகழ்ச்சிகள், கடைகள், ஏன், வீட்டு விலைகூட லூதர் கல்லூரியைச் சார்ந்தே நிற்கிறது.

மருத்துவ வசதி போதுமா?

அன்றாடத்துக்குப் போதும், நன்றாகவே இருக்கிறது. டெக்கோரா மருத்துவமனை சிறியது. இத்தகைய கிராமப்புற மருத்துவமனைகளுக்கு 25 படுக்கைக்கு மேல் கூடாது என்பது மத்திய விதி. சிறப்பு மருத்துவத்துக்கு ஏறக்குறைய 70 மைல் தொலைவில் ராச்செஸ்டர், அங்கே மேயோ கிளினிக். கிழக்கே விஸ்கான்சின் மாநிலத்தின் லாக்ராஸ் நகரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உலகமே தேடிவரும் மருத்துவமனைக்கு இவ்வளவு பக்கம் இருப்பது பெரிய கொடுப்பினை. அதே சமயம் ராச்செஸ்டருக்கு ஒருமுறை போய்வர 140 மைல், மேலே சொன்ன கணக்கில் 98 டாலர். மாதம் இருமுறை போக வேண்டிய நோய் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடம் முன்பு நவம்பரில் ஒரு இரவு, என் கணவருக்கு நெஞ்சுவலி. உள்ளூரில் பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, மருந்து கொடுத்து, ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸில் சாலைவழியே போனோம். முன்னிருக்கையிலிருந்து நான் பார்த்தது வெள்ளைச் சுவரும் அதில் வரும் மஞ்சள் கோடும் மட்டும். ஒன்றரை மணி நேரம். அவர் பிழைத்தார், இன்று நன்றாக இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்னிடம் கேட்கும்போது அந்த மூடுபனியைச் சொல்லாமல் விடுவதில்லை.

சிற்றூர்களில் ஆம்புலன்ஸில் வருகிறவர்களில் பலர் தன்னார்வலர்கள், நாலு மணிக்குப் பால் கறந்துவிட்டு வருகிறவர்கள். ஆம்புலன்ஸ் சேவையை அத்தியாவசிய சேவையாக அறிவித்து, வாக்காளர் ஒப்புதலோடு அதற்கு வரி போடக் கவுன்ட்டிகளுக்கு 2021இல்தான் மாநிலம் சட்டம் கொடுத்தது. மகப்பேறு பற்றியும் கேளுங்கள். அயோவாவின் பல சிறு மருத்துவமனைகள் பிரசவப் பிரிவையே மூடிவிட்டன. எந்த ஊருக்குப் போனாலும் அது திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பள்ளிகள்?

நல்ல பள்ளிகள். என் மகளின் ஆசிரியைக்கு எங்கள் வீட்டு நாயின் பெயரும் தெரியும். நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மாநிலத் திட்டத்தில் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் இலவச முன்பள்ளி உண்டு. அதற்குக் கீழ் வயதென்றால் குழந்தைக் காப்பகத்தில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. கர்ப்பமாக இருக்கும்போதே காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுகிறார்கள். வேலையை உறுதி செய்வதற்கு முன் காப்பகத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார் இல்லாமல் இருக்கலாமா?

டெக்கோராவுக்குள் நடந்தோ சைக்கிளிலோ சமாளிக்கலாம். ஊருக்கு வெளியே முடியாது. முன்கூட்டியே கூப்பிட்டுச் சொன்னால் வீட்டுக்கே வரும் 'எர்ல்' என்ற பொதுச் சிற்றுந்து இருக்கிறது. முதியவர்களுக்கு அது பெரிய உதவி. நினைத்த நேரத்துக்கு ஏற முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மான்கள் சாலையில் பாயும், அந்தி நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள்.

நம் சமையலுக்கு வேண்டியது கிடைக்குமா?

இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, தயிர் எல்லாம் டெக்கோராவிலேயே. கூட்டுறவுக் கடையில் மஞ்சளும் பருப்பும் மொத்த டப்பாவிலிருந்து அள்ளிக்கொள்ளலாம். இட்லி அரிசி, முருங்கைக்காய், நல்லெண்ணெய்க்கு ராச்செஸ்டர். மருத்துவர் சந்திப்பு இருக்கும் நாளிலேயே மூன்று மாத மளிகையையும் முடித்துவிடுவோம். கறிவேப்பிலை ஜன்னலோரத் தொட்டியில்.

மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை தோட்டம். கரிய மண், எதைப் போட்டாலும் வருகிறது. வெண்டையும் மிளகாயும் காய்த்துக் குலுங்கும். ஊருக்கு வடக்கே 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' இருக்கிறது. 1975இல் தொடங்கிய விதைக் காப்பு அமைப்பு, 890 ஏக்கர் பண்ணை, 20,000க்கும் மேற்பட்ட பாரம்பரிய விதை வகைகள். பாட்டி கைவிதையைத் துணியில் முடிந்து வைத்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தப் பண்ணையில் நடக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தமிழர்கள் இருக்கிறார்களா? தனிமையாக இருக்காதா?

விரல்விட்டு எண்ணலாம். மக்கள்தொகையில் பெரும்பகுதி வெள்ளையர். என் மகள் வகுப்பில் அவள் ஒருத்திதான் இந்திய முகம். யாரும் கடுமையாக நடந்துகொண்டதில்லை, ஆனால் "நீங்கள் எங்கிருந்து?" என்ற கேள்வி ஓய்வதுமில்லை. ராச்செஸ்டரில் இந்துக் கோயில் இருக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே போகிறோம். மகளோடு தமிழில் பேச நாங்கள் இருவரும்தான். அதை வேண்டுமென்றே, தினமும் செய்ய வேண்டியிருக்கிறது.

அக்கம்பக்கம் வேறு மாதிரி. முதல் குளிர்காலத்தில் விடிவதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்து எங்கள் வழியைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அதிரசம் கொண்டுபோனேன், வாங்கினார். அடுத்த வாரம் அவர் மனைவி அந்த டப்பாவில் லெஃப்ஸ என்ற நார்வே உருளைக்கிழங்கு ரொட்டியை அடுக்கித் திருப்பித் தந்தார். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்ற பழக்கம் இங்கேயும் இருந்தது.

ஊர் விஷயங்களில் உங்கள் குரல் கேட்கும். 2018இல் மின்விநியோகத்தை நகராட்சியே நடத்தலாமா என்று டெக்கோராவில் வாக்கெடுப்பு நடந்தது. வெறும் மூன்று வாக்கில் தோற்றது.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வது?

ஊரைச் சுற்றி 11 மைல் சைக்கிள் பாதை, டன்னிங்ஸ் ஊற்று அருவி, அப்பர் அயோவா ஆற்றில் கனூ படகு. ஜூலை இறுதியில் நோர்டிக் திருவிழா. 1877 முதல் இருக்கும் வெஸ்டர்ஹைம் நார்வே அருங்காட்சியகம். ஸ்பில்வில்லில் செக் இசைமேதை ட்வோர்ஷாக் 1893 கோடையைக் கழித்து ஒரு நால்வர் இசைப்படைப்பு எழுதினார், அவர் தங்கிய வீட்டில் இப்போது மரக் கடிகார அருங்காட்சியகம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு கிடையாது, அல்லது மிகக் குறைவு. மால், புதுப்படம், இரவு பத்து மணிக்குப் பிரியாணி வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

வெள்ள அபாயம் உண்டா?

உண்டு. 2008 ஜூன் வெள்ளம் டெக்கோராவை உலுக்கியது. 2016 ஆகஸ்டிலும் ஊரை ஒட்டிய ஃப்ரீபோர்ட் பகுதி பாதிக்கப்பட்டது. ஆற்றங்கரை வீடு அழகாக இருந்தால், வெள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் அழகைப் பாருங்கள்.

எந்த மாதத்தில் வந்து பார்க்கலாம்?

எல்லோரும் ஜூலையிலோ, இலை சிவக்கும் அக்டோபர் தொடக்கத்திலோ வந்து மயங்கிப் போகிறார்கள். நீங்கள் மார்ச் நடுவில் வாருங்கள். பனி உருகி, சரளைச் சாலை சேறாகி, காரின் நிறமே தெரியாது. ஒரு வாரநாளில் வந்து, வாங்க நினைக்கும் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கும், அங்கிருந்து வேலையிடத்துக்கும், இருட்டிய பிறகு மருத்துவமனைக்கும் ஓட்டிப் பாருங்கள். மைலைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சிக்னல் எந்த மேட்டில் போகிறது என்றும் பாருங்கள். முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சாம்பார் இருக்கும். ரப்பர் பூட்ஸை மட்டும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.